ஒன்று தள்ளி

காலை பத்து மணிக்கே அவள் அந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக யாரும் திருத்தாத தப்பு, வேலைக்கு வந்த இரண்டாம் நாளே தன் கண்ணில் பட்டதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அந்தக் குஷிதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

அது ஒரு பழச்சாறு தொழிற்சாலை. கீழே நீளமான கூடத்தில் ஆறு எஃகுத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு மாடி உயரம். ஒவ்வொரு தொட்டியின் இடுப்பிலும் ஒரு சின்னப் பெட்டி. வால்வைத் திறப்பதும் மூடுவதும் சூட்டை அளப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. மாடியில் கட்டுப்பாட்டு அறை, அங்கே ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் பேசுவது பெட்டிக்குப் புரியாது, பெட்டி பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் தரகு வேலை பார்க்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை அமைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். மாமியார் அக்கம்பக்கத்தில் “என் மருமக டிரைவர் வேலை பாக்குறா” என்று பெருமையாகச் சொல்லப்போய், ஒருவர் வீடு மாற்றுவதற்கு வண்டி கேட்டு வந்து நின்றார்.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் மண்டையைப் போட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அதில் புது டிரைவரைப் போட்டு, பழைய அமைப்பை அப்படியே ஏற்றித் தர வேண்டும். ஆலைப் பொறுப்பாளர் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“பழசுல என்ன இருந்துச்சோ அதையே புதுசுல ஏத்துங்கம்மா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள். அச்சிட்டு வைத்திருந்த பழைய பட்டியலை வரி வரியாகப் பார்த்துப் புதிதில் ஏற்றினாள். பெட்டி பதில் சொல்லாவிட்டால் ஐந்து விநாடி காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும், மூன்று தடவை கேட்க வேண்டும். ஏற்றினாள். கம்பி அறுந்து தொடர்பே போனாலும் பெட்டிகள் கடைசியாகக் கேட்ட உத்தரவை விடாமல் செய்துகொண்டிருக்க வேண்டும், கழுவல் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. அதையும் ஏற்றினாள். அடுத்தது பெட்டிகளின் எண்கள். அங்கேதான் அவள் புருவம் உயர்ந்தது.

திரையில் ஒன்று என்று எழுதியிருந்த பொத்தான் இரண்டாம் தொட்டியோடு பேசிக்கொண்டிருந்தது. இரண்டு என்ற பொத்தான் மூன்றாம் தொட்டியோடு. இப்படியே எல்லாம் ஒன்று தள்ளி. ஆறு என்ற பொத்தானுக்குப் பேச ஆளே இல்லை. கருவிகள் பூஜ்யத்திலிருந்து எண்ணும், மனிதர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். முதன்முதலில் இதை அமைத்த புண்ணியவான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒன்றாம் தொட்டி அடியில் விரிசல் விட்டு ஆரம்பத்திலிருந்தே சும்மா நின்றதால், அதற்கென்று ஒரு பொத்தான் இல்லாமல் போனது யாருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் காலை ஷிப்ட் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கனத்தைப் பார்த்து எல்லோரும் அவரைச் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். “அண்ணே, இது ஏன் இப்படி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால், கண்டுபிடித்த பெருமையில் அவருக்கும் ஒரு பங்கு போய்விடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையை ஒப்படைக்கும்போது பொறுப்பாளரிடம் தானே சொல்ல வேண்டும், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்தப் பாராட்டு தேவைப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. இதே ஆலையில் எஃகு வெல்டிங்கும் மெருகும் பார்ப்பவள், வேலையில் புலி. ஒரே வீட்டில் கீழே நாத்தனார், மேலே இவள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பியில் யாருக்கு எந்தப் பக்கம் என்று ஆரம்பித்த சண்டையில் இருவரும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. அப்படியிருந்தும், இவள் முன்பு இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே வந்து சிபாரிசு செய்தவள் அவள்தான். முதல் நாள் காலையில் மட்டும் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னாள்.

“என் தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரின்னு சொல்லியிருக்கேன். என் மூக்கை அறுத்துடாதே.”

பன்னிரண்டு மணிக்குச் சோடா சாப்பிடப் போனார். அவள் ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். கீழே இறங்கிப் போய், கையிலிருந்த சின்னத் திரையிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, அந்தந்தத் தொட்டியின் வால்வு ‘டக்’ என்று திறப்பதைக் காதால் கேட்டாள். எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

அதுவரை கழுவுவதற்கு எந்தத் தொட்டியும் காலியாகவில்லை, சோடா எந்தப் பொத்தானையும் தொடவில்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. அவள் உணவுக்கூடத்திலிருந்து திரும்பும்போது நாத்தனார் தலைக்கவசமும் காதடைப்பானும் கையுமாகப் படி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா உன் வேலை?”

“முடிஞ்ச மாதிரிதான் அண்ணி. நீங்க எங்க?”

“ரெண்டாம் தொட்டிக்குள்ள. ஒரு வெல்டு மேல மெருகு ஏத்தணும், அரை மணி நேரம். மேல அட்டையைக் குடுத்துட்டேன்.” இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். “சாயங்காலம் சேர்ந்தே போவோம். பஸ்ல நிக்க முடியல, ஆட்டோ புடிச்சுக்கலாம்.”

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த அழைப்பு. அவள் மிதந்துகொண்டே போய் ஒரு டீ குடித்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் மாடி ஏறினாள்.

ஆள் இறங்குகிற தொட்டிக்குக் கழுவல் தண்ணீர் வரும் குழாயைக் கழற்றிவைக்க வேண்டும் என்பது விதி. எட்டு நட்டு. அரை மணி நேர வேலைக்கு எட்டு நட்டைக் கழற்றி, எட்டு நட்டை மாட்டுவானேன் என்று, இங்கே வேறொரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்குகிறவர் தொட்டி எண் எழுதிய சிவப்பு அட்டையை மாடியில் கொடுத்துவிடுவார். ஆபரேட்டர் திரையில் அந்தத் தொட்டியின் பொத்தான்மேல் சிவப்பு டேப்பை ஒட்டிவிடுவார். டேப்பை எடுக்கும்வரை அதன் பக்கம் யார் விரலும் போகாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இது பிசகியதில்லை.

மதிய ஷிப்ட் ஆபரேட்டர் ஆலையிலேயே கவனமான மனிதர். நெட்டையாக இருப்பதாலும் ஒரு நிமிஷம் முன்பின் ஆகாமல் வருவதாலும் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். அவள் உள்ளே நுழைந்தபோது அவர் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆணியில் சிவப்பு அட்டை தொங்கியது. அதில் கொட்டை எழுத்தில் 2.

அவள் தன் பையை எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது திரையைப் பார்த்தாள்.

சிவப்பு டேப் ஒன்று என்ற பொத்தான்மேல் ஒட்டியிருந்தது.

“அண்ணே, ஒண்ணு மேல எதுக்கு டேப்?”

“ரெண்டுல ஆள் இறங்கியிருக்குல்லம்மா. அதான்.” அவர் தலையைத் தூக்கவில்லை.

இவர்களுக்குத் தெரியும். இந்தத் திரையைத் தொடும் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் கழித்தும்தான் வேலை செய்திருக்கிறார்கள். அது ஒரு தப்பு என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது. அவள் கண்டுபிடித்ததாக நினைத்தது எதுவும் கண்டுபிடிப்பே இல்லை.

“நீங்க எதையாவது அழுத்துனீங்களா?”

“மூணு காலியாயிடுச்சு. கழுவ விட்டிருக்கேன்.”

மூன்றைக் கழுவ அவர் அழுத்தியிருப்பது இரண்டு. திரையின் ஓரத்தில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி 2. பச்சைத் தண்ணீர், மீதி ஐம்பத்தெட்டு விநாடி. அதற்கடுத்த வரி இன்னும் வெளிறிக் கிடந்தது. காஸ்டிக் கரைசல், எண்பது டிகிரி. மேலே பட்டால் தோலை உரித்துவிடும் காரம்.

“நிறுத்துங்க. ரெண்டாம் தொட்டியில தண்ணி போகுது. நிறுத்துங்க.”

மணிக்கூண்டு துள்ளி எழுந்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. டேப்பைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒன்றுக்குக் கீழே இருந்த நிறுத்து பொத்தானைக் குத்தினார். கோடு நிற்கவில்லை. மறுபடியும் குத்தினார்.

“ஒண்ணு இல்லண்ணே, ரெண்டை நிறுத்துங்க.”

“ரெண்டுங்கறது மூணாம் தொட்டிக்கும்மா. அதை நிறுத்தி என்ன ஆகப்போகுது.” மூன்றாம் முறையும் ஒன்றையே குத்தினார். அவர் விரலுக்கு வேறு எதுவும் தெரியாது. “கேட்க மாட்டேங்குதே. நான் கீழ போய் பம்பை நிறுத்துறேன்.” கதவு சுவரில் மோத அவர் ஓடினார். பம்பு கூடத்தின் மறுகோடியில் இருந்தது.

அவள் இரண்டின் நிறுத்து பொத்தானை அழுத்தினாள். முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. கோடு நிற்காமல் ஓடியது. உத்தரவு வரிசையில் நின்றது. அவள் எண்ணைத் திருத்தியபோது, செத்துக் கிடந்த ஒன்றாம் தொட்டியின் பெட்டியும் பட்டியலுக்குள் வந்துவிட்டது. மின்சாரமே இல்லாத அந்தப் பெட்டியிடம் டிரைவர் இப்போது மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தது. மணிக்கூண்டு குத்திய மூன்று நிறுத்தும் அதற்கே போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை கேட்கும், ஒவ்வொரு தடவையும் ஐந்து விநாடி காத்திருக்கும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டுக்கு முறை வரும்.

கம்பியைப் பிடுங்கிவிடலாம் என்று மேஜைக்கு அடியில் கையை விட்டாள். விரல் கம்பியைத் தொட்டும்விட்டது. அப்போதுதான் நினைவு வந்தது, தொடர்பு அறுந்தால் கடைசி உத்தரவே தொடரும். காலையில் தன் கையாலேயே ஏற்றியது. பிடுங்கினால் வால்வு திறந்தபடியே நிற்கும், அதை மூடச் சொல்ல வழியும் இருக்காது. கையை வெளியே இழுத்தாள்.

கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தாள். தொட்டி உச்சியில் காவலுக்கு நின்ற ஃபிட்டர் வாய்க்குள் தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தார், உள்ளே இருப்பவள் இடுப்பில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் இன்னும் வெளியே வரவில்லை. உள்ஏணி ஒரு மாடி உயரம். எல்லாம் நனைந்து வழுக்கும். இருபத்தொன்று. இருபது. அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி ஏறிடுங்க, அண்ணி ஏறிடுங்க என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பதினொன்று. எட்டு.

நாலில் கோடு நின்றது. பச்சை சிவப்பானது. கீழே வால்வு மூடிய சத்தம் மாடிவரை கேட்டது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கடுத்த பத்து நிமிஷம் ஆலை முழுவதும் தலைகால் புரியாத ஓட்டம். நாத்தனாரை ஃபிட்டரும் மணிக்கூண்டும் மேலே தூக்கினார்கள். முழங்கால் ஏணியில் அடிபட்டு வீங்கியிருந்தது, தலையிலிருந்து கால்வரை சொட்டச்சொட்ட நனைந்திருந்தாள். மற்றபடி ஒரு கீறல் இல்லை. போர்வை போர்த்திக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து வந்தார்கள். உட்கார்ந்ததும் மணிக்கூண்டைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். அவள் வாயில் வராத வார்த்தை இல்லை.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குயா. அட்டையை உன் கையில குடுத்துட்டுத்தான இறங்கினேன். கண்ணு எங்கய்யா இருந்துச்சு உனக்கு? இன்னும் நாலு விநாடி. நாலே விநாடி. வெந்துபோயிருப்பேன்.”

மணிக்கூண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அந்த நெட்டை உடம்பு பாதியாகச் சுருங்கிவிட்ட மாதிரி இருந்தது.

நாத்தனார் திட்டி ஓய்ந்து, பக்கத்தில் நின்ற இவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “இவ இல்லேன்னா நான் இல்லய்யா. இவதான் நிறுத்துனா. என் கூடப்பிறந்தவளாட்டம் வந்து நின்னா.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிடித்த கையை விடவில்லை. அந்தக் கை பனிக்கட்டியாக ஜில்லிட்டிருந்தது.

இவள் வாயைத் திறக்க நினைத்தாள். சொல்லிவிடலாம், இதோ இப்போது சொல்லிவிடலாம். அதற்குள் பொறுப்பாளர் வந்துவிட்டார், ஃபிட்டர் நடந்ததைச் சொன்னார், யாரோ டீ கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிமிஷமும் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே போனது. அந்தக் கை வேறு சூடாகிக்கொண்டிருந்தது.

பொறுப்பாளர் கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்தார். “ரெண்டு பதினாலுக்குத் தொட்டி ரெண்டு, கழுவல் தொடக்கம். நீங்க ரெண்டைத்தான அழுத்தியிருக்கீங்க?”

“ஆமா சார். ரெண்டுதான் அழுத்தினேன்.”

“அதான் கேக்குறேன். ஆள் இருக்குன்னு அட்டை தொங்குது. அப்புறம் ஏன் ரெண்டை அழுத்தினீங்க?”

“ரெண்டுன்னா மூணு சார்.”

பொறுப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதவிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, அந்தத் திரையை ஒரு நாளும் தொட்டவரில்லை. “என்ன உளர்றீங்க?”

“இல்ல சார். நாங்க எப்பவும் அப்படித்தான் சார். ஒண்ணுன்னா ரெண்டு. ரெண்டுன்னா மூணு.” சொல்லச் சொல்ல, தான் சொல்வது பைத்தியக்காரப் பேச்சாக இருப்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். சோடா வீட்டுக்குப் போய்விட்டார். ஆமாம் என்று சொல்ல அறையில் யாரும் இல்லை. “பன்னெண்டு வருஷமா அப்படித்தான் சார்...”

“அப்படின்னா ரெண்டை அழுத்தினா மூணுல தண்ணி போயிருக்கணும். ரெண்டுல ஏன் போச்சு?”

மணிக்கூண்டு தன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய விரலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“தெரியல சார்,” என்றார். “நான்தான் ஏதோ மாத்தி அழுத்திட்டேன் போல.”

பொறுப்பாளர் இவள் பக்கம் திரும்பினார். “நீங்க இந்த வேலை தெரிஞ்சவங்க. சொல்லுங்கம்மா. ரெண்டு எப்படி மூணாகும்?”

நாத்தனாரும் இவளைத்தான் பார்த்தாள். பெருமையாகப் பார்த்தாள்.

“ஆகாது சார்,” என்றாள் இவள்.

அது பொய் இல்லை. பன்னிரண்டு மணியிலிருந்து அது சுத்தமான உண்மை. வெட்கக்கேடு என்னவென்றால், பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று இவளுக்கு ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பொறுப்பாளர் ஒரு வெள்ளைத்தாளை மேஜைமேல் தள்ளினார். “கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க. மேல என்ன பண்றதுன்னு நான் கேட்டுச் சொல்றேன்.”

மணிக்கூண்டு உட்கார்ந்தார். தரையில் தேடிப் பேனாவை எடுத்தார். தேதியை எழுதினார். நேரம் எழுத வேண்டிய இடத்தில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி ஐம்பத்திரண்டு என்று பிசகில்லாமல் எழுதினார். பிறகு பெயரை எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்தே கோணிக்கொண்டு போயிற்று. அவர் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

“காலை வரைக்கும் ஆச்சு சார்,” என்றாள் இவள்.

“என்ன ஆச்சு?”

“ரெண்டு மூணாச்சு. அவர் சொல்றது சரி. பழைய அமைப்புல எல்லாம் ஒண்ணு தள்ளி இருந்துச்சு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு நான்தான் மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. ஐயாகிட்ட சாயங்காலம் சொல்லிப் பேர் வாங்கலாம்னு வச்சிருந்தேன்.”

பொறுப்பாளர் வாய் திறந்தபடி நின்றார். அவர் கோபப்பட இன்னும் சற்று நேரம் ஆகும் என்று தெரிந்தது.

மணிக்கூண்டு பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தார். கோபப்படுவார், பாய்ந்து வருவார் என்று இவள் காத்திருந்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “அப்போ நான் பண்ணலையா?” என்று கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு தோள் குலுங்க அழுதார்.

நாத்தனார் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள், முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்துபோய் அந்த மனிதர் பக்கத்தில் நின்றாள்.

“மாத்தினது தெரியாம பண்ணது,” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “விடு. அது என்னோட போகட்டும். ஆனா இந்த ஆளை அரை மணி நேரமா நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த அரை மணி நேரமும் நீ அதைக் கேட்டுக்கிட்டு, அப்புறம் என் கையையும் பிடிச்சுக்கிட்டுத்தான நின்னே.”

இவள் தன் கையைப் பார்த்தாள். அதில் இன்னும் ஈரம் இருந்தது.